சித்தப்பா எப்படி இறந்தார் என்று கேட்டு வையுங்கள்

பரம்பரையாக வரும் இதய நோய்களின் மரபணுக்களை ஆராய்வதுதான் இருபது வருஷத்துக்கு மேலாக என் வேலை. சிங்கப்பூரில் படித்து, இங்கேயே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, நடுவில் சில காலம் லண்டனில் இருந்துவிட்டுத் திரும்பியவள். கல்யாண வீட்டிலோ கோயிலிலோ யாராவது "என்ன ஆராய்ச்சி பண்றீங்க" என்று கேட்டு நான் பதில் சொன்னால், அடுத்த கேள்வி அநேகமாக "அப்போ எங்க குடும்பத்துக்கும் டெஸ்ட் எடுத்துப் பாத்துரலாமா?" என்றுதான் வரும். பந்தியில் நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது, அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றியது, வீட்டில் யாரோ ஒருவர் வாயைத் திறந்து "எங்க அப்பாவோட தம்பி முப்பத்து நாலு வயசுல தூக்கத்துலயே போயிட்டாரு" என்று சொன்னதுதான். எங்கள் இயந்திரங்களெல்லாம் அதற்கு அப்புறம்தான் வேலை செய்ய ஆரம்பிக்கின்றன.

எந்த நோய்களைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் வீடுகளில் இதயத்தால் வந்த எந்தச் சாவையும் மாரடைப்பு என்றே சொல்லிவிடுவோம். ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொள்வது வேறு. நான் ஆராய்வது இதயத் தசை காரணமில்லாமல் தடிப்பது, இதயம் விரிந்து பலவீனமாவது, பார்க்க நன்றாகவே இருக்கிற இதயத்தில் மின்னோட்டம் திடீரென்று தாறுமாறாகிவிடுவது, இந்த வகைகளை. இவற்றில் பல, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த ஒற்றை மரபணு மாற்றத்தால் வருகின்றன. அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேர 50 சதவீத வாய்ப்பு, ஆணோ பெண்ணோ, மூத்ததோ இளையதோ. தசை தடிக்கிற வகை மட்டுமே 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது பல நாடுகளில் பார்த்த கணக்கு. சிங்கப்பூரின் அறுபது லட்சம் பேருக்கு அதைப் போட்டால் பன்னிரண்டாயிரத்தை நெருங்குகிறது. அவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது, மாடிப்படி ஏறும்போது வருகிற மூச்சிரைப்பை வயதின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடுவார்கள்.

இந்தத் துறைக்கு நான் வந்ததற்கு அப்பா ஒரு காரணம். எண்பதுகளில் அவர் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வை பார்த்தவர், தாய்லாந்துத் தொழிலாளிகள் நிறையப் பேர் அவருக்குக் கீழே வேலை செய்தார்கள். பகல் முழுக்க சிமென்ட் மூட்டை தூக்கிய, நோய் நொடி எதுவும் இல்லாத இளைஞன் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் காலையில் எழுந்திருப்பதில்லை என்று வீட்டில் வந்து சொல்லுவார். 1982க்கும் 1990க்கும் இடையில் சிங்கப்பூரில் இப்படித் தூக்கத்தில் இறந்த தாய்லாந்துத் தொழிலாளிகள் இருநூறுக்கும் மேல். விதவைப் பேய் ஆண்களைக் கூட்டிக்கொண்டு போகிறது என்று அவர்கள் ஊரில் நம்பிக்கை இருந்தது. சாப்பாட்டில் சத்துக் குறைவு, வேலைப் பளு என்று இங்கே பல காரணங்கள் பேசப்பட்டன. 1992இல் இதய மருத்துவர்களான புருகாடா சகோதரர்கள் ஈசிஜியில் ஒரு தனி வடிவத்தை விவரித்தார்கள், 1997இல் தாய்லாந்தில் இப்படிச் சாவின் விளிம்புக்குப் போய் உயிர் பிழைத்தவர்களை ஆராய்ந்தபோது பலரிடம் அதே வடிவம் இருந்தது, 1998இல் அதற்கு முதல் மரபணு கிடைத்தது: இதயச் செல்களுக்குள் சோடியத்தை விடுகிற வாசலை உருவாக்கும் எஸ்சிஎன்5ஏ. பல்கலைக்கழகத்தில் இதைப் படித்த அன்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அவங்க ஊர்ல இருக்கிற தம்பிங்களுக்கு இது தெரியுமா?" அந்தக் கேள்வியைத்தான் இன்றுவரை வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மரபணுவை ஒவ்வொரு துண்டாகத்தான் படிக்க முடியும். தசை தடிப்புக்கு முதல் மரபணு 1990இல் பாஸ்டன் குழுவுக்குக் கிடைத்திருந்தது, கனடாவின் பிரெஞ்சுப் பின்னணிக் குடும்பம் ஒன்றில் இதயத் தசையைச் சுருங்க வைக்கும் புரதமான பீட்டா மயோசினின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து, அதாவது டிஎன்ஏவின் ஓர் அலகு, மாறியிருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பட்டியல் நீண்டது. ஒரு நோயாளிக்கு மூன்று நான்கு மரபணுக்களைப் பார்த்து முடிக்கவே மாதக்கணக்காகும். 2010க்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட இதய மரபணுக்களை ஒரே தடவையில் படிக்கும் வசதி வந்ததும் வேலையின் முகமே மாறிவிட்டது. படிப்பது சுலபமாகி, படித்ததற்கு அர்த்தம் சொல்வதுதான் கஷ்டமாகிப் போனது.

டைட்டின் நல்ல உதாரணம். மனித உடலிலேயே மிகப் பெரிய புரதம், பாவாடை எலாஸ்டிக் மாதிரி இதயத் தசை விரிந்து சுருங்கித் தன் அளவுக்குத் திரும்ப உதவுவது. அதன் மரபணு மிகப் பெரியது என்பதால் பழைய முறையில் யாரும் முழுதாகப் படிக்கத் துணியவில்லை. 2012இல் அதைப் படித்தபோது, இதயம் விரிந்துபோகும் நோய் குடும்பத்தில் இருப்பவர்களில் சுமார் 25 சதவீதத்தினரிடம் டைட்டினைப் பாதியில் அறுத்துவிடும் மாற்றம் இருந்தது. ஆனால் ஆரோக்கியமானவர்களிலும் நூற்றில் ஒருவரிடம் அதே மாதிரி மாற்றம் இருக்கிறது. அப்படியென்றால் இது நோயா, இல்லையா? இதயம் உண்மையில் பயன்படுத்துகிற பகுதியில் அறுபட்டால் ஆபத்து அதிகம், இதயம் தாண்டிப் போய்விடுகிற பகுதியில் அறுபட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்பது பிறகு தெரிந்தது. அதோடு ஆபத்தான பகுதியில் அறுபட்ட சிலரும் எழுபது வயது வரை நன்றாகவே இருக்கிறார்கள், அதே குடும்பத்தில் இன்னொருத்தி பிரசவத்துக்குப் பிறகு இதயம் பலவீனமாகிப் படுத்துவிடுகிறாள். லண்டனிலும் சிங்கப்பூரிலும் இந்த டைட்டின் வேலை நிறைய நடந்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்குப் பதிந்தது, மரபணு மாற்றம் சொல்வது வாய்ப்பைத்தான் என்பது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதும் அதைத்தான்.

இனி நம்மவர்களுக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வுக்கூடம் ஒரு மாற்றத்தைப் பார்த்ததும் முதலில் கேட்கிற கேள்வி, இது ஆரோக்கியமானவர்களிடம் எவ்வளவு அபூர்வம் என்பது. நோய் 500 பேரில் ஒருவருக்கு என்றால், அதற்குக் காரணமான ஒரு மாற்றம் ஐம்பது பேரில் ஒருவரிடம் இருக்க முடியாது. சரி, எந்த ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிடுவது? ரொம்ப காலம் அந்தத் தரவுகளில் பெரும்பாலானவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அதனால் என்ன ஆகும் என்பதை 2016இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு காட்டியது. தசை தடிப்புக்குக் காரணம் என்று பல கறுப்பின நோயாளிகளுக்குச் சொல்லப்பட்ட மாற்றங்கள் உண்மையில் கறுப்பின மக்களிடம் சாதாரணமாக இருப்பவை, ஒப்பிட்ட கூட்டத்தில் அவர்களில் சிலரையாவது சேர்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். தப்பான பதிலை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே வருஷக்கணக்காகப் பயந்திருக்கும், அதைவிட மோசம், உண்மையான காரணத்தை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

நம் கதையில் வருவது 25 எழுத்து. எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கும் மாற்றம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதத்தினரிடம் உண்டு. 2009இல் ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட ஒரு பெரிய குழு, இது இருப்பவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு ஏழு மடங்கு என்று எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நியாயம்தான், கோடிக்கணக்கான பேர் சம்பந்தப்பட்ட செய்தி. எங்கள் பகுதித் தமிழர்கள் சிலர் தனியார் டெஸ்டில் இந்த மாற்றம் வந்துவிட்டது என்று நடுங்கிப்போய் வந்தார்கள். மகனை ஓடவிடாமல் வீட்டுக்குள் வைத்திருந்த அம்மா உண்டு, கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட பையன் உண்டு. எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் ரிப்போர்ட் மட்டும் பயமுறுத்திக்கொண்டே இருக்கும்.

2020இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவை வைத்து வந்த ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. 25 எழுத்து விடுபட்டவர்களில் சின்னப் பகுதியினரிடம், அதே மரபணுவின் இன்னோர் இடத்தில், சாதாரண டெஸ்ட்கள் எட்டிப் பார்க்காத ஆழத்தில், சி.1224-52 என்ற வேறொரு மாற்றமும் கூடவே இருக்கிறது. ஆபத்து முழுக்க அதனுடையது. 25 எழுத்து மட்டும் விடுபட்டிருந்தால் தசை தடிப்பு ஆபத்து கூடுவதில்லை. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் போதாது: உங்கள் ரிப்போர்ட்டில் அந்த 25 எழுத்து மாற்றம் இருந்தால் பதற வேண்டாம், ஆனால் "1224-52 இடத்தையும் பார்த்தீர்களா" என்று ஆய்வுக்கூடத்தைக் கேளுங்கள். பார்த்திருக்கவில்லையென்றால் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் நோய் உள்ளவர் யாராவது இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

இங்கே சிங்கப்பூர் செய்திருக்கும் வேலையைப் பற்றிப் பெருமையாகவே சொல்வேன். 2019இல் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள், அதில் 1,127 பேர் இந்தியர். சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கு மேல் தமிழர் என்பதால் இந்தத் தரவு நமக்கு நேரடியாகவே உதவுகிறது. இப்போது ஒரு லட்சம் பேரை எட்டுகிற திட்டமாக அது வளர்ந்திருக்கிறது. ஐரோப்பியத் தரவில் ஒருவரிடமும் இல்லாத மாற்றம், படித்தால் ஆபத்தானது மாதிரித் தெரிகிற மாற்றம், நம் இந்தியத் தரவைத் திறந்தால் ஆரோக்கியமான பத்துப் பதினைந்து பேரிடம் இருக்கும். பத்து நிமிஷத்தில் ஒரு குடும்பத்தின் பயம் தீர்ந்துவிடும். இப்படி நடக்கிற நாட்களில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு ரொம்பவே நிறைவாக இருக்கும்.

ஆனாலும் பல ரிப்போர்ட்கள் இன்னும் "பொருள் நிச்சயமில்லை" என்றே வருகின்றன. 2015 முதல் மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறோம்: நோய்க்குக் காரணம், பெரும்பாலும் காரணம், நிச்சயமில்லை, பெரும்பாலும் தீங்கில்லை, தீங்கில்லை. நடுவில் இருக்கிற அந்த மூன்றாவது வகையை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்கக் கூடாது, சொந்தக்காரர்களை அதற்காக டெஸ்ட் செய்து "உனக்கு இருக்கு, உனக்கு இல்லை" என்று பிரிக்கவும் கூடாது. தரவு கூடக் கூட வகை மாறும். அதனால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டி, இதை மறுபடி பார்த்தார்களா என்று கேளுங்கள். தானாக யாரும் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன்.

குடும்பங்களோடு உட்கார்ந்த அனுபவத்துக்கு வருகிறேன், என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வம்சப் படம் வரைவது என்றால் ஏதோ காகித வேலை என்று இளம் ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில், பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பேன். "இதய நோய் யாருக்காவது இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். கேட்க வேண்டியவை வேறு. ஐம்பது வயதுக்கு முன்னால் இறந்தவர்கள் யார் யார்? என்ன செய்துகொண்டிருந்தபோது? தூக்கத்திலா, ஓடும்போதா? நீச்சல் தெரிந்தவர் யாராவது தண்ணீரில் மூழ்கினார்களா? வண்டி ஓட்டும்போது, எதிரில் எதுவும் இல்லாமலேயே, சாலையை விட்டு விலகி மோதியவர் உண்டா? வலிப்பு என்று மருந்து சாப்பிட்டும் குணமாகாதவர்? பந்தல் போடும்போது மயங்கி விழுந்தவர்? பேஸ்மேக்கர் வைத்தவர்? காது கேளாமல் பிறந்த பிள்ளை? இப்படிக் கேட்டால் பாட்டி யோசிப்பார், ஊரில் இருக்கிற தம்பிக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்பார், அரை மணி நேரத்தில் படத்தின் ஒரு பக்கமே மாறிவிடும்.

அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் மின்னோட்டமும் முடிய எடுக்கும் நேரமான கியூடி இடைவெளி நீளும் நோயில் முதல் வகைக்காரர்களுக்கு நீச்சலும் ஓட்டமும் ஆபத்து, இரண்டாம் வகைக்காரர்களுக்கு அலாரம், டெலிபோன் மணி மாதிரி திடீர்ச் சத்தம், மூன்றாம் வகைக்குத் தூக்கமும் ஓய்வும். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு ஓர் ஈசிஜி எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவில் மாற்றம் வந்தால் காது கேளாமையும் கியூடி நீளமும் சேர்ந்தே வரும் வகை ஒன்று உண்டு. மாமன் மகள், அக்கா மகள் என்று கல்யாணம் செய்த குடும்பங்களில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. அந்தக் கல்யாணங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, எங்கள் தாத்தா பாட்டியும் அப்படித்தான். வம்சப் படத்தில் சொந்தத்துக்குள் நடந்த கல்யாணத்தைக் குறிக்கும் இரட்டைக் கோடு இருந்தால் தேட வேண்டிய மரபணுக்கள் மாறுகின்றன, அவ்வளவுதான்.

நான் சந்தித்த பல குடும்பங்களில் திரும்பத் திரும்ப நடப்பது ஒன்று. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் பையன்களுக்கு ஈசிஜி எடுக்கிறார்கள், அதில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் எக்கோவுக்கு அனுப்புகிறார்கள். இந்த நாட்டில் எத்தனையோ குடும்பங்களில் நோய் முதலில் தெரியவந்தது அப்படித்தான். சரி, அவனுடைய அக்காவுக்கு? தங்கைக்கு? பெண் பிள்ளைகளுக்கு அப்படி எல்லாருக்குமான ஒரு ஈசிஜி கிடையாது. தம்பிக்குத் தசை தடிப்பு என்று தெரிந்து, எல்லாரும் அவனைச் சுற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்க, வாரம் மூன்று நாள் பேட்மின்டன் ஆடுகிற அக்காவை யாரும் அழைத்துக்கொண்டு வருவதில்லை. பையனைவிட அம்மாவிடம் நோய் முற்றியிருந்த குடும்பங்களும் உண்டு. அப்படி ஓர் அம்மா எக்கோ முடிந்து வெளியே வந்து என்னிடம் கேட்டார், "ஏம்மா, அப்ப இது என் வழியாத்தான் வந்துச்சா? என் புள்ளைக்கு நான்தான் குடுத்தேனா?" அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது, உங்களுக்கு உங்கள் அப்பாவோ அம்மாவோ கொடுத்தது, அவர்களுக்கும் தெரியாது, இப்போது முதல்முறையாக இந்த வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் மகனுக்கு ஈசிஜியில் ஏதாவது வந்தால் மகளையும் உங்களையும் பரிசோதிக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள், யாரும் சொல்லட்டும் என்று இருக்காதீர்கள்.

டெஸ்ட் எடுக்கிற வரிசையும் முக்கியம். நோய் உறுதியானவருக்குத்தான் முதலில் மரபணு டெஸ்ட். அவரிடம் தெளிவான மாற்றம் கிடைத்தால், சொந்தங்களிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு, பதிலும் திட்டவட்டம்: இருக்கிறது அல்லது இல்லை. இல்லாதவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அந்தக் கவலை முடிந்தது. நோயாளியை விட்டுவிட்டு ஆரோக்கியமான அண்ணன் தனியாகப் போய்ப் பெரிய டெஸ்ட் எடுத்து "ஒன்றும் இல்லை" என்று வாங்கிவந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது, ஏனென்றால் தசை தடிப்பு உள்ளவர்களிலேயே பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் தெளிவான மாற்றம் கிடைப்பதில்லை. அப்படிக் கிடைக்காத குடும்பங்களில் எக்கோவும் ஈசிஜியும்தான் வழி, அதுவும் ஒரு தடவையோடு முடியாது. பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பெரியவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. பதினைந்து வயதில் நார்மலாக இருந்த எக்கோ இருபத்தைந்தில் மாறலாம்.

ஊரில் இருக்கிற சொந்தங்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும். திருச்சியிலோ தஞ்சாவூரிலோ இருக்கிற பெரியப்பா பிள்ளைகளுக்கு "எங்களுக்கு ஹார்ட் பிரச்சினை, நீங்களும் பாருங்க" என்று சொன்னால் அங்கே மருத்துவருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மரபணுவின் பெயர், மாற்றத்தின் முழுக் குறியீடு, எந்த ஆய்வுக்கூடம், எந்தத் தேதி, எல்லாம் இருக்கிற ரிப்போர்ட் பக்கத்தை, பாதிக்கப்பட்டவர் சம்மதத்தோடு, அப்படியே அனுப்புங்கள். ஒரு கடிதமும் சேர்த்து எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம், பல இடங்களில் தருவார்கள். நான் தமிழில் எழுதித் தருவேன், அப்போதுதான் அது உண்மையில் படிக்கப்படுகிறது.

இதில் பெரிய தடை பணம் இல்லை, பேச்சு. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பார்கள். அந்தப் பயம் பொய்யானது இல்லை, நம் சமூகத்தில் நடக்கிறதுதான். ஆனால் மறைத்து வைத்தால் அந்த மகளின் பிரசவத்தை யார் கவனமாகப் பார்ப்பார்கள்? நான் சொல்கிற வழி: ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ரத்த சொந்தத்துக்குச் சொல்ல வேண்டும், கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரிடம் அந்தப் பெண்ணே தன் வாயால் சொல்ல வேண்டும். மருத்துவ ஆலோசகரைச் சந்திக்க இருவரும் சேர்ந்து வந்த ஜோடிகள் உண்டு, சந்தேகங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

காப்பீடு பற்றிக் கேட்காத குடும்பமே இல்லை. சிங்கப்பூரில் 2021 அக்டோபரிலிருந்து சுகாதார அமைச்சும் ஆயுள் காப்பீட்டுச் சங்கமும் செய்துகொண்ட உடன்பாடு நடப்பில் இருக்கிறது. அதன்படி காப்பீட்டு நிறுவனம் உங்களை மரபணு டெஸ்ட் எடுக்கச் சொல்லக் கூடாது, ஆராய்ச்சியில் கலந்துகொண்டு கிடைத்த முடிவைக் கேட்கக் கூடாது. நோய் அறிகுறி இல்லாமல் முன்கூட்டியே எடுத்த டெஸ்டை, பெரிய தொகைக் காப்பீட்டில் குறிப்பிட்ட ஓரிரு நோய்களுக்குத் தவிர, பயன்படுத்தக் கூடாது. அந்த விதிவிலக்கில் இதய நோய்கள் இல்லை. ஆனால் எக்கோவில் தெரிந்த தடிப்பு, மருத்துவர் உறுதிசெய்த நோய், குடும்ப வரலாறு, இவை வேறு கணக்கு. கையெழுத்துப் போடுவதற்கு முன் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே நோய் தெரிந்தவர்கள் வீட்டில் சில பழக்கங்கள் வேண்டும். புருகாடா சகோதரர்கள் விவரித்த அந்த ஈசிஜி வடிவ நோய் உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் உடனே காய்ச்சலைக் குறைக்க வேண்டும். கியூடி நீளம் உள்ளவர் தவிர்க்க வேண்டிய மருந்துப் பட்டியலைப் பணப்பையில் வைத்திருக்க வேண்டும், சில சாதாரண ஆன்டிபயாட்டிக்குகளே அதில் உண்டு, பலதுறை மருந்தகத்தில் சளிக்கு மருந்து வாங்கும்போதும் காட்ட வேண்டும். வீட்டில் எல்லாரும் நெஞ்சு அழுத்தும் முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் புளோக்கிலோ பக்கத்து புளோக்கிலோ இதயத்தை மீண்டும் துடிக்க வைக்கும் மின்னதிர்வுக் கருவி எந்த மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று இன்று கீழே இறங்கும்போதே பாருங்கள். வீட்டில் யாராவது திடீரென்று, கூப்பிட்டால் பதிலில்லாமல், விழுந்து இறந்து காரணம் தெரியவில்லையென்றால், எவ்வளவு கஷ்டமான நேரமானாலும், டிஎன்ஏ எடுக்கிற மாதிரி ரத்தம் சேமித்து வைக்க முடியுமா என்று பிரேதப் பரிசோதனை செய்கிறவர்களிடம் கேளுங்கள். பிறகு அது கிடைக்காது, மீதியிருக்கும் பிள்ளைகளுக்கு அதுதான் தடயம்.

இந்தத் துறைக்கு வர நினைக்கிற மாணவர்கள் எழுதிக் கேட்பதால் சுருக்கமாக: புள்ளியியல் நன்றாகப் படியுங்கள், ஈசிஜி படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், கிளினிக்கில் போய் உட்காருங்கள். ரத்தத்திலிருந்து எடுத்த செல்லை இதயச் செல்லாக மாற்றி, தட்டில் அது துடிப்பதைப் பார்க்கிற காலம் இது. 1990இல் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்ட அந்த மயோசினின் அதிவேகத்தைக் குறைக்கும் மவகாம்டென் என்ற மாத்திரைக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முப்பத்திரண்டு வருஷம். பொறுமை இல்லாமல் இந்த வேலைக்கு வராதீர்கள், ஆனால் வாருங்கள், தமிழ் பேசத் தெரிந்த மரபணு ஆலோசகர்கள் எங்களுக்கு உண்மையிலேயே தேவை.

கடைசியாக, ஆராய்ச்சியில் சேர அழைப்பு வந்தால் என்ன செய்வது. சேருங்கள் என்றுதான் சொல்வேன், இந்தியர் எண்ணிக்கை கூடினால்தான் அந்த "நிச்சயமில்லை" ரிப்போர்ட்கள் குறையும். சம்மதப் படிவத்தில், உங்கள் உடல்நலத்துக்கு முக்கியமான ஏதாவது தற்செயலாகத் தெரியவந்தால் உங்களைத் தேடி வந்து சொல்லலாமா என்று ஒரு கேள்வி இருக்கும், சிங்கப்பூரின் 2015ஆம் ஆண்டு மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டப்படி அது கேட்கப்பட வேண்டும். வரிசையில் நிற்கும்போது அவசரமாகக் குறிக்காமல் வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள். ஆம் என்று குறித்தால், வீடு மாறும்போதும் போன் நம்பர் மாறும்போதும் ஆய்வுக் குழுவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். சொல்ல வேண்டிய செய்தி கையில் இருந்தும், கொடுத்த எண்ணில் ஆள் கிடைக்காமல் நாங்கள் தேடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.